அழுத்திப் பேசு, விட்டுக் கேள்: வாக்கி-டாக்கி செயலிகளுடன் என் அனுபவம்

நெடுந்தூர ஓட்டங்களையும் சைக்கிள் பயணங்களையும் நடத்தும் ஒரு தன்னார்வக் குழுவில், வழிநெடுக நிற்கும் தொண்டர்களை ஒருங்கிணைக்கும் பொறுப்பைச் சில ஆண்டுகளாகச் செய்துவருகிறேன். தண்ணீர் கொடுக்கும் சாவடிகள், வளைவுகளில் வழிகாட்டுபவர்கள், முதலுதவிக் குழு, கடைசியாக வருபவருக்குப் பின்னால் மெதுவாக வரும் வண்டி என்று எங்கள் ஆட்கள் பல கிலோமீட்டர் தூரத்துக்குப் பரவி நிற்பார்கள். அவர்கள் அனைவரையும் ஒரே நேரத்தில் ஒரே குரலால் எட்ட வேண்டும் என்ற தேவைதான் ஸ்மார்ட்போனில் இயங்கும் வாக்கி-டாக்கி செயலிகளை எங்களிடம் கொண்டுவந்து சேர்த்தது. இவற்றை நம்பி வேலை செய்யலாமா என்று கேட்பவர்களிடம், செய்யலாம் என்றே சொல்வேன். ஆனால் செயலியை இறக்கிக்கொள்வது அந்த வேலையில் மிகச் சிறிய பகுதி. கைபேசி நடுவில் உறங்கிவிடாமல் பார்த்துக்கொள்வதும், பேசும் ஒழுங்கைக் குழுவுக்குப் பழக்குவதும்தான் பெரும் பகுதி. அந்த இரண்டைப் பற்றியே இங்கு அதிகம் எழுதியிருக்கிறேன்.

சாதாரணத் தொலைபேசி அழைப்பு ஒருவரோடு ஒருவர் பேசுவதற்கானது. ஒரே செய்தியைப் பத்துப் பன்னிரண்டு சாவடிகளுக்கு அழைத்துச் சொல்லி முடிப்பதற்குள், முதலில் கேட்டவரிடம் நிலைமை மாறிப்போயிருக்கும். வாட்ஸ்ஆப் குழுவில் எழுதினால், அதைப் படிக்கக் கண்ணும் திறக்கக் கையும் ஓய்வாக இருக்க வேண்டும். இரண்டு கைகளிலும் தண்ணீர்க் குவளைகளை ஏந்தி நிற்பவரிடம் அந்த ஓய்வு இருக்காது. குரல் பதிவு அனுப்பினாலும் அதையும் ஒருவர் திறந்துதான் கேட்க வேண்டும். வாக்கி-டாக்கி செயலியிலோ, திரையில் உள்ள பெரிய பட்டனை அழுத்திப் பேசினால், சேனலில் இணைந்திருக்கும் எல்லோருடைய கைபேசியிலும் அந்தக் குரல் தானாகவே ஒலிக்கிறது. யாரும் எதையும் எடுக்கவோ திறக்கவோ வேண்டியதில்லை. எழுத்துகளை வேகமாகப் படிக்கச் சிரமப்படும் மூத்த தொண்டர்கள்தான் எங்கள் குழுவில் இந்த முறையை எல்லோருக்கும் முன்பாகப் பிடித்துக்கொண்டார்கள் என்பதை மகிழ்ச்சியோடு குறிப்பிட வேண்டும்.

தொடங்குமுன் ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். உண்மையான வாக்கி-டாக்கி ஒரு வானொலிக் கருவி. அதிலிருந்து கிளம்பும் அலை நேராக இன்னொரு கருவிக்குப் போய்ச் சேருகிறது. நடுவில் டவரும் இல்லை, இணையமும் இல்லை. அதனால்தான் கட்டடங்களும் மேடுபள்ளங்களும் குறுக்கிட்டால் சில கிலோமீட்டர்களிலேயே, சில சமயம் அதற்கும் முன்பே, அதன் எல்லை முடிந்துவிடுகிறது. செயலி செய்வது வேறு வேலை. அது நம் குரலைச் சுருக்கிச் சிறு சிறு டேட்டா பொட்டலங்களாக்கி, இணையம் வழியாக ஒரு சர்வருக்கு அனுப்புகிறது. சர்வர் அதைச் சேனலில் உள்ளவர்களுக்குப் பகிர்ந்தளிக்கிறது. ஆகவே அடுத்த தெருவில் இருப்பவரும் அடுத்த கண்டத்தில் இருப்பவரும் அதற்கு ஒன்றுதான். அதே காரணத்தால், அடுத்தடுத்து நிற்கும் இருவரில் ஒருவருக்கு இணைய இணைப்பு இல்லாவிட்டாலும் அவர்களுக்குள் பேச்சு நடக்காது.

இந்த வேறுபாட்டைப் பெருங்கூட்டமே தவறாகப் புரிந்துகொண்ட சம்பவம் உண்டு. 2017 ஆகஸ்டில் ஹார்வி புயலால் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரம் வெள்ளத்தில் மூழ்கியபோது, சொந்தப் படகுகளோடு வந்த தன்னார்வலர்கள் ஜெல்லோ என்ற செயலியின் சேனல்களில் பேசி மீட்புப் பணிகளை ஒருங்கிணைத்தார்கள். அடுத்த மாதமே இர்மா புயல் ஃபுளோரிடாவை நெருங்கியபோது, இணையம் இல்லாமலும் இந்தச் செயலி இயங்கும் என்ற தவறான தகவல் பரவி, லட்சக்கணக்கானோர் அதை இறக்கிக்கொண்டார்கள். இணைப்பு இல்லாமல் செயலி வேலை செய்யாது என்று அந்த நிறுவனமே விளக்கம் தர வேண்டியிருந்தது. ஹூஸ்டனில் அது உதவியதற்குக் காரணம், அங்கே கைபேசி வலையமைப்பு பெருமளவு தாக்குப்பிடித்து நின்றதுதான். எங்கள் குழுவில் புதிதாகச் சேர்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்தச் சம்பவத்தைத்தான், ஏனென்றால் பெயரில் உள்ள வாக்கி-டாக்கியை நம்பிச் சிக்னல் இல்லாத காட்டுப் பாதைக்குப் போகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

டேட்டா எவ்வளவு செலவாகும் என்ற கவலை பலருக்கு இருக்கிறது. அது தேவையற்றது. பேச்சுக்கு விநாடிக்கு 16 கிலோபிட் போதும் என்று வைத்துக்கொண்டால், நிமிடத்துக்கு 120 கிலோபைட், இடைவிடாமல் ஒரு மணி நேரம் பேசினாலும் ஏறத்தாழ 7 மெகாபைட்தான் ஆகிறது. குரலோடு சேர்ந்து போகும் கூடுதல் டேட்டாவைச் சேர்த்தாலும் ஒரு சிறிய காணொளியைவிடக் குறைவு. யாரும் பேசாத நேரத்தில் இணைப்பை உயிரோடு வைத்திருக்கும் சிறு துடிப்புகளைத் தவிர வேறு எதுவும் செலவாவதில்லை. ஆகவே இணைப்பின் வேகம் குறைவாக இருந்தாலும் பரவாயில்லை. அது அறுபடாமல் இருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம்.

இனி, கைபேசி உறங்கிவிடும் சிக்கல். இந்தச் செயலிகளைப் பயன்படுத்திப் பார்த்துவிட்டு, இது ஒத்துவராது என்று கைவிட்ட குழுக்களில் பெரும்பாலானவை இந்த இடத்தில்தான் தடுக்கி விழுந்திருக்கின்றன என்பது என் கணிப்பு. காலையில் எல்லோரும் சேனலில் வந்து வணக்கம் சொல்வார்கள். எல்லாம் சரியாக இருப்பதுபோல் தோன்றும். பிறகு கைபேசியைப் பூட்டிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஒருவர் தன் வளைவில் போய் நிற்பார். நேரம் போகப் போக அவர் பக்கம் மௌனமாகிவிடும். மூன்று முறை அழைத்தும் பதில் வராமல், கடைசியில் அவரை நேரடியாகத் தொலைபேசியில் அழைத்தால், இங்கே ஒரு சத்தமும் வரவில்லையே என்பார். செயலியைத் திறந்தவுடன் அதுவரை பேசப்பட்டவை எல்லாம் வரிசையாகக் கொட்டத் தொடங்கும். அவர் மீது ஒரு குற்றமும் இல்லை; அவருடைய கைபேசி பேட்டரியை மிச்சப்படுத்தத் தனக்குச் சொல்லித்தரப்பட்டதைச் செய்திருக்கிறது, அவ்வளவுதான்.

2015-இல் வெளிவந்த ஆண்ட்ராய்டு 6.0 முதல், திரை அணைந்து அசையாமல் கிடக்கும் கைபேசியில் செயலிகள் இணையத்தைத் தொடுவதைக் கட்டுப்படுத்தும் ஏற்பாடு இருக்கிறது. அதற்கு மேல் சில கைபேசி நிறுவனங்கள் தங்கள் பங்குக்கு இன்னும் கடுமையான பேட்டரிக் கட்டுப்பாடுகளை வைத்திருக்கின்றன. எனவே ஒவ்வொரு தொண்டரின் கைபேசியிலும் அமைப்புகளுக்குள் சென்று, குறிப்பிட்ட செயலிக்கு மட்டும் பேட்டரிக் கட்டுப்பாட்டை நீக்கி, பின்னணியில் இயங்கவும் பின்னணியில் டேட்டாவைப் பயன்படுத்தவும் அனுமதி கொடுத்தாக வேண்டும். இந்த அமைப்பு ஒவ்வொரு நிறுவனத்தின் கைபேசியிலும் ஒவ்வோர் இடத்தில், ஒவ்வொரு பெயரில் ஒளிந்திருக்கும் என்பதால், அதைச் செய்துகொள்ளுங்கள் என்று செய்தி அனுப்பினால் போதாது. கைபேசியை வாங்கிப் பார்த்துச் செய்து கொடுக்க வேண்டும். செயலி இயங்கும்போது மேலே அறிவிப்புப் பகுதியில் நிலையாக நிற்கும் சிறு அறிவிப்பைத் தொந்தரவு என்று எண்ணி முடக்கக் கூடாது, ஏனென்றால் அந்த அறிவிப்பைக் காட்டிக்கொண்டிருப்பதால்தான் செயலியைப் பின்னணியில் தொடர்ந்து இயங்க ஆண்ட்ராய்டு அனுமதிக்கிறது. அண்மையில் பயன்படுத்திய செயலிகளின் பட்டியலைத் திறந்து எல்லாவற்றையும் ஒரே தள்ளாகத் தள்ளி மூடும் பழக்கம் உள்ளவர்கள், அன்று ஒரு நாள் மட்டும் அதை விட்டுவிட வேண்டும்.

ஐபோனில் நிலைமை சற்று வேறு. 2022-இல் வந்த ஐஓஎஸ் 16-இல், இத்தகைய அழுத்திப் பேசும் செயலிகளுக்கென்றே ஆப்பிள் நிறுவனம் ஒரு தனி வசதியை ஏற்படுத்தியது. அதைப் பயன்படுத்தும் செயலிகள் திரை பூட்டியிருக்கும்போதும் குரலை ஒலிக்கவிடுகின்றன. ஆயினும் இரண்டு வகைக் கைபேசிகளிலும் நாங்கள் செய்யும் சோதனை ஒன்றுதான். நிகழ்ச்சிக்கு முதல் நாள் மாலையில் எல்லோரும் கைபேசியைப் பூட்டி ஓரமாக வைத்துவிட வேண்டும்; ஒரு மணி நேரம் கழித்து, முன்னறிவிப்பு இல்லாமல் நான் சேனலில் ஒவ்வொரு சாவடியாகப் பெயர் சொல்லி அழைப்பேன். பூட்டிய கைபேசியிலிருந்து என் குரல் கேட்டவர்கள் பதில் சொல்வார்கள். பதில் வராதவர்களின் கைபேசி அமைப்புகளை அன்று இரவே சரிசெய்துவிடுவோம். பூட்டாத கைபேசியில் உடனுக்குடன் செய்யும் சோதனை எதையும் நிரூபிப்பதில்லை.

ஒலி அளவும் இதைச் சார்ந்ததே. கைபேசியில் அழைப்பு மணிக்கு ஓர் ஒலி அளவு, அழைப்புக் குரலுக்கு ஒன்று, இசைக்கும் காணொளிக்கும் ஒன்று என்று தனித்தனியாக இருப்பதால், எந்த ஒலி அளவைச் செயலி பயன்படுத்துகிறது என்பதை அது பேசிக்கொண்டிருக்கும்போதே பக்கவாட்டுப் பட்டனை அழுத்திப் பார்த்து உறுதிசெய்துகொள்ள வேண்டும். தொந்தரவு செய்யாதே என்ற நிலை குறித்த நேரத்தில் தானாக இயங்கும்படி சிலர் வைத்திருப்பார்கள். அதிகாலையில் தொடங்கும் நிகழ்ச்சிகளில் அது சேனலின் குரலையும் சேர்த்து அமுக்கிவிடக்கூடும். நடுவில் சாதாரண அழைப்பு வந்தால் செயலியின் குரல் நின்றுவிடும் என்பதால், சாவடியில் இருக்கும்போது சொந்த அழைப்புகளைச் சுருக்கமாக முடித்துக்கொள்ளும்படி தொண்டர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

அடுத்தது பேசும் முறை. பட்டனை அழுத்தியவுடன் பேசத் தொடங்குவது மனித இயல்பு. ஆனால் கைபேசி மைக்கைத் திறந்து, சேனல் காலியாக இருக்கிறதா என்று சர்வரைக் கேட்டு, தயார் என்று சிறு ஒலி எழுப்புவதற்குக் கொஞ்சம் நேரம் பிடிக்கிறது. அந்த ஒலி வருமுன் சொல்லப்பட்ட முதல் சொல் போய்ச் சேராது. ப்ளூடூத் ஹெட்செட் அணிந்திருந்தால் இந்தத் தாமதம் இன்னும் கூடும், ஏனென்றால் ஹெட்செட் கேட்கும் நிலையிலிருந்து பேசும் நிலைக்கு மாறுவதற்கே ஒரு விநாடி அளவுக்கு ஆகிறது. அதனால் எங்கள் முக்கியச் சாவடிகளில் கம்பி ஹெட்செட்டைத்தான் பரிந்துரைக்கிறேன். மைக் வாய்க்கு அருகில் இருப்பதால் காற்றின் இரைச்சலும் குறைகிறது. ஹெட்செட் இல்லாதவர்கள், பெரும்பாலான கைபேசிகளில் கீழ் விளிம்பில் இருக்கும் சிறு மைக் துளையை விரலால் மூடாமல், அதை வாய்க்கு நேராக வைக்காமல் சற்றுப் பக்கவாட்டில், நான்கு விரற்கடை தூரத்தில் பிடித்து, உரக்கக் கத்தாமல் வழக்கமான குரலில் பேசினாலே போதும். கத்தினால் குரல் சிதைகிறது. ஒரே சாவடியில் இரண்டு கைபேசிகள் சேனலில் இருந்தால், ஒன்றில் பேசுவது மற்றொன்றின் ஸ்பீக்கரில் சிறிது தாமதித்து ஒலித்து, அதுவும் மைக்கில் புகுந்து எல்லோருக்கும் எதிரொலியாகக் கேட்கும். ஆகவே சாவடிக்கு ஒரு கைபேசி மட்டும் சேனலில் இருக்கட்டும்.

பேசி முடித்த பிறகு விரலை எடுப்பதில்தான், தமிழில் பேசுகிறவர்கள் கூடுதல் கவனம் செலுத்த வேண்டிய ஓர் இடம் இருக்கிறது. நம் வாக்கியத்தில் வினை கடைசியில் வருகிறது. செய்யலாமா கூடாதா என்பதும் அந்தக் கடைசிச் சொல்லில்தான் இருக்கிறது. ஒருமுறை நெரிசலான ஒரு திருப்பத்திலிருந்து, ஐந்தாம் சாவடிக்கு வண்டியை அனுப்ப வேண்டாம் என்று ஒரு தம்பி சொன்னார். கடைசிச் சொல்லை உச்சரிக்கும்போதே அவர் விரல் எழுந்துவிட்டதால், ஐந்தாம் சாவடிக்கு வண்டியை அனுப்ப என்பது வரைக்கும்தான் எங்களுக்குக் கேட்டது. கேட்டவர் அதை அனுப்பும்படி வந்த கோரிக்கையாக எடுத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பத் தயாராகிவிட்டார். திருப்பிச் சொல்லி உறுதிசெய்யும் வழக்கம் இருந்ததால்தான் அது நின்றது. அன்றிலிருந்து தடுக்கும் செய்தி எதுவானாலும் தடையை முதலில் சொல்கிறோம். நிறுத்துங்கள், வண்டி வர வேண்டாம், திருப்பத்தில் நெரிசல் என்று சொன்னால், வால் அறுந்தாலும் தலை போய்ச் சேர்ந்துவிடும். அதோடு, பேசி முடித்த பின் மனத்துக்குள் ஒன்று என்று எண்ணிவிட்டு விரலை எடுக்கும்படி பழக்கினோம்.

எண்களிலும் இப்படித்தான். இரைச்சலுக்கு நடுவே அறுபது, எழுபது என்ற இரண்டும் காதுக்கு ஒன்றுபோல் கேட்கின்றன. ஓட்டக்காரரின் எண்ணை ஆறு, பூஜ்யம், நான்கு என்று தனித்தனி இலக்கமாக இரண்டு முறை சொல்வதே பாதுகாப்பானது. இடது, வலது என்பதும் குழப்பும். நிற்பவர் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறார் என்பது கேட்பவருக்குத் தெரியாது. முடிவுக்கோட்டை நோக்கிப் போகும் பக்கம், தொடக்கத்தை நோக்கித் திரும்பும் பக்கம் என்று சொன்னால் யாருக்கும் ஐயம் வராது.

அழைக்கும் முறைக்கும் ஒரு வழக்கத்தை ஏற்படுத்திக்கொண்டோம். யாரை அழைக்கிறோமோ அவர் பெயரை முதலில் சொல்லி, பிறகு நம் பெயரைச் சொல்ல வேண்டும்: மூன்றாம் சாவடி, கட்டுப்பாட்டு மையம் பேசுகிறேன். நம்மவர்களுக்கு அண்ணா, அக்கா, தம்பி, சார் என்று விளித்துப் பேசினால்தான் மனம் ஒப்பும். எங்கள் குழுவிலும் வயதில் மூத்தவர்கள் பலர் இருப்பதால், அவர்களைச் சாவடி எண் சொல்லி அழைக்கத் தொடக்கத்தில் இளையவர்கள் தயங்கினார்கள். ஆனால் அண்ணா என்று அழைத்தால் ஒரே நேரத்தில் பல அண்ணன்கள் பதில் சொல்வார்கள். ஆகவே சேனலில் சாவடிப் பெயர் மட்டும், வாக்கிய முடிவில் மரியாதைப் பன்மை என்று முடிவு செய்தோம். தண்ணீர் தீர்ந்துவிட்டதா, சொல்லுங்கள் என்பதில் மரியாதைக்கு எந்தக் குறையும் இல்லை என்பதை மூத்தவர்களே முதலில் ஏற்றுக்கொண்டார்கள். ஒருவர் பேசி முடித்துவிட்டார் என்பதைக் காட்ட ஓவர் என்று சொல்வது வானொலிக் கருவிகளில் வழக்கம். செயலியில் பேச்சு முடிந்ததும் ஒரு சிறு ஒலி வருவதால் அதை நாங்கள் கட்டாயமாக்கவில்லை, ஆனால் சொல்பவர்களைத் தடுப்பதுமில்லை.

பதில் சொல்வதற்கும் விதி வேண்டும். கட்டுப்பாட்டு மையத்திலிருந்து ஒரு பொது அறிவிப்பு வந்தால் பன்னிரண்டு பேரும் சரி, சரி என்று சொல்லத் தொடங்கினால், ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே பேசக்கூடிய அந்த வழி அடைபட்டுப் போகும். பொது அறிவிப்புக்குச் சாவடி எண் வரிசைப்படி மட்டுமே பதில்; தனி அறிவிப்புக்கு உரியவர் மட்டுமே பதில். அந்தப் பதிலும் வெறும் சரியாக இருக்கக் கூடாது. கேட்டதைத் திருப்பிச் சொல்ல வேண்டும்: ஐந்தாம் சாவடி, வண்டி வராது என்று புரிந்துகொண்டேன்.

சேனலின் உயிர் அதன் அமைதியில் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். உற்சாகமான காலைப் பொழுதில் படம் எடுத்தீர்களா, சாப்பிட்டாயிற்றா, இங்கே கூட்டம் அருமை என்று நல்ல மனத்தோடு நாலு பேர் பேசத் தொடங்கினால், ஐந்தாவது ஆள் ஒலி அளவைக் குறைத்துவிடுவார். அதன் பிறகு முக்கியமான அழைப்பு வரும்போது அவர் காதில் விழாது. அதற்காக மனிதர்களின் கலகலப்பை அடக்கச் சொல்லவில்லை. அதற்கென்று வாட்ஸ்ஆப் குழு ஒன்றைத் தனியாக வைத்துக்கொண்டால் போதும். முதலுதவிக் குழுவுக்கு மட்டும் இன்னொரு சேனல் வைப்பது நல்லது. ஆள் எண்ணிக்கை மிகக் கூடினால், எல்லோரும் கேட்கலாம், குறிப்பிட்ட சிலர் மட்டும் பேசலாம் என்று வரையறுக்கும் வசதி உள்ள செயலிகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். யாராவது மயங்கி விழுந்தால், அருகில் இருப்பவர் முதலில் அந்தந்த நாட்டின் அவசர உதவி எண்ணைச் சாதாரண அழைப்பில் அழைக்க வேண்டும். பக்கத்தில் இன்னொருவர் இருந்தால் அவர் அதே நேரத்தில் சேனலில் சொல்லலாம். அவசர எண்ணுக்கான அழைப்புக்குக் கைபேசி வலையமைப்பு முன்னுரிமை தருகிறது. நம் செயலியின் டேட்டாவுக்கு அப்படி எந்த முன்னுரிமையும் கிடையாது. காவல், தீயணைப்பு போன்ற துறைகளுக்காக முன்னுரிமையோடு இயங்கும் அழுத்திப் பேசும் முறை ஒன்று 2016-இல், கைபேசி வலையமைப்புகளுக்கான தரநிலைகளை வகுக்கும் 3ஜிபிபி என்ற பன்னாட்டுக் கூட்டமைப்பின் தரநிலையில் வகுக்கப்பட்டிருக்கிறது. கடையில் வாங்கும் கைபேசியில் இறக்கிக்கொள்ளும் பொதுச் செயலி அந்த வகையைச் சேர்ந்ததன்று.

முன்னுரிமை இல்லாததன் விளைவு பெருங்கூட்டத்தில்தான் தெரியும். தொடக்கக் கோட்டில் ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் படமும் காணொளியும் அனுப்பும்போது, சிக்னல் கம்பிகள் முழுமையாகத் தெரிந்தும் டேட்டா நகராது. அப்போது செயலியில் குரல் துண்டு துண்டாக வரும், அல்லது தாமதித்து வரும். தாமதித்து வரும் கட்டளை, வராத கட்டளையைவிட ஆபத்தானது என்பதை நாங்கள் உணர்ந்திருக்கிறோம். பாதையைத் திறக்கலாம் என்ற சொல், மீண்டும் மூட வேண்டிய நேரத்தில் ஒலித்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். அதனால் பாதை, வண்டி தொடர்பான எந்தக் கட்டளையோடும் நேரத்தையும் சேர்த்துச் சொல்கிறோம்: மணி ஆறு பத்து, பாதையைத் திறக்கலாம். கேட்பவர் கடிகாரத்தைப் பார்த்து, அது பழைய குரலா புதிய குரலா என்று தெரிந்துகொள்வார்.

வைஃபையால் வரும் தொல்லை பலர் கவனிக்காத ஒன்று. நிகழ்ச்சி அலுவலகத்தின் வைஃபையில் இணைந்த கைபேசி, அதன் சொந்தக்காரர் வாசலைத் தாண்டி நடந்த பிறகும் அந்தப் பலவீனமான இணைப்பை விடாமல் பற்றிக்கொண்டிருக்கும். மொபைல் டேட்டாவுக்கு மாறும் வரை அவர் சேனலில் இருந்தும் இல்லாதவர்தான். வெளியே நிற்கும் எல்லோரும் வைஃபையை அணைத்துவிட வேண்டும். முக்கியச் சாவடிகளில் வெவ்வேறு நிறுவனங்களின் சிம் கார்டு வைத்திருக்கும் இரண்டு தொண்டர்களை நிறுத்துவது நல்லது. ஒரு வலையமைப்பு திணறும்போது மற்றது பெரும்பாலும் தாங்கும். பாதை முழுவதையும் முன்னதாகவே ஒருமுறை சுற்றி வந்து, எங்கெங்கே குரல் அறுபடுகிறது என்று குறித்துவைத்துக்கொண்டால், அந்த இடங்களைத் தவிர்த்துச் சாவடிகளைச் சில நூறு மீட்டர் முன்னும் பின்னும் நகர்த்தலாம்.

இணையமே இல்லாமல் வைஃபை அல்லது ப்ளூடூத் வழியாகக் கைபேசியிலிருந்து கைபேசிக்கு நேராகப் பேசும் செயலிகளும் உண்டு. ஒரே ஹாட்ஸ்பாட்டில் இணைந்த சிலர் ஒரு கட்டடத்துக்குள், ஒரு முகாமுக்குள் பேசிக்கொள்ள அவை உதவும். ஆனால் ப்ளூடூத் பொதுவாகப் பத்து மீட்டர் அளவுக்கும், வைஃபை திறந்த வெளியில் சில பத்து மீட்டர்களுக்கும்தான் எட்டும் என்பதால், எழுந்து நடந்து போய்ச் சொல்லிவிடக்கூடிய தூரத்துக்கு மட்டுமே அவை பயன்படுகின்றன. சிக்னல் இல்லாத மலைப் பாதைக்கு உண்மையான வானொலிக் கருவிதான் வழி. அதற்கு அலைவரிசை, திறன், உரிமம் தொடர்பான விதிகள் நாட்டுக்கு நாடு வேறுபடுவதால், வாங்குமுன் தங்கள் நாட்டு விதியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். சிக்னல் இருந்தும் டேட்டா மட்டும் முடங்கினால், குறுஞ்செய்தி பெரும்பாலும் போய்ச் சேருகிறது. எனவே சேனல் பத்து நிமிடம் மௌனமாக இருந்தால் குறுஞ்செய்திக்கு மாற வேண்டும் என்பது எங்கள் எழுதப்பட்ட விதி. அந்த விதியோடு எல்லாச் சாவடிகளின் எண்களையும் ஒரு தாளில் அச்சிட்டுக் கொடுத்துவிடுகிறோம்.

தனியுரிமையைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை என்பது எனக்கு வருத்தம். செயலியில் உருவாக்கும் சேனல் பொதுவானதாக இருந்தால், பெயரைத் தேடி யார் வேண்டுமானாலும் நுழைந்து கேட்கலாம். கடவுச்சொல் வைத்துத்தான் உருவாக்க வேண்டும். ஸ்பீக்கரில் ஒலிப்பதைச் சாவடியைச் சுற்றி நிற்கும் எல்லோரும் கேட்கிறார்கள் என்பதால், உடல்நலம் குன்றியவரின் பெயரையோ நோயையோ சேனலில் சொல்லாமல், அவருடைய ஓட்ட எண்ணை மட்டும் சொல்ல வேண்டும். பல செயலிகள் பேசியவற்றைக் கைபேசியில் சேமித்துவைப்பதையும் நினைவில் கொள்க. மைக் அனுமதி கொடுத்த செயலியில் எப்போதும் கவனம் வேண்டும். ஆப்பிள் வாட்சின் வாக்கி-டாக்கி வசதியில் பிறருடைய ஐபோனை ஒட்டுக்கேட்க வழிவிடும் குறை ஒன்று இருப்பது தெரிந்து, 2019 ஜூலையில் அந்த நிறுவனமே அதைச் சில காலம் நிறுத்திவைத்தது. ஆண்ட்ராய்டு 12 முதல் மைக் இயங்கும்போது திரையின் மேல் மூலையில் பச்சை நிறக் குறியும், ஐஓஎஸ் 14 முதல் ஆரஞ்சு நிறப் புள்ளியும் தோன்றுகின்றன. பட்டனைத் தொடாதபோது அந்தக் குறி தெரிந்தால், எந்தச் செயலி மைக்கைப் பயன்படுத்துகிறது என்று பார்க்க வேண்டும்.

எந்தச் செயலி சிறந்தது என்ற கேள்விக்கு நீண்ட பதில் தேவையில்லை. குழுவாகப் பேச ஜெல்லோ எங்களுக்குப் பொருந்தியிருக்கிறது. உடனடியாகக் கேட்கவும், பிறகு பதிவாகக் கேட்கவும் வாக்ஸர் வசதியானது. அலுவலகத்தில் ஏற்கெனவே மைக்ரோசாஃப்ட் டீம்ஸ் இருந்தால் அதிலேயே வாக்கி-டாக்கி வசதி உண்டு. வீட்டில் உள்ள நான்கு பேருக்கு மட்டும் என்றால் வாட்ஸ்ஆப் குரல் பதிவே போதும். எதைத் தேர்ந்தெடுத்தாலும் குழு முழுவதும் ஒன்றையே பயன்படுத்த வேண்டும், ஏனென்றால் ஒரு செயலியில் பேசுவது இன்னொரு செயலியில் கேட்காது. சைக்கிளோ வண்டியோ ஓட்டிக்கொண்டே பட்டனை அழுத்துவதை நாங்கள் முற்றாகத் தடைசெய்திருக்கிறோம். நின்றுவிட்டுப் பேச முடியாத அளவுக்கு அவசரமான செய்தி எதையும் நான் இதுவரை கேட்டதில்லை. கைப்பிடியில் பொருத்தும் ப்ளூடூத் பட்டன்கள் இருக்கின்றன என்றாலும், அவை விரலின் வேலையைத்தான் குறைக்கின்றன, கவனச்சிதறலைக் குறைப்பதில்லை. நாள் முழுவதும் செயலி இயங்குவதால் பேட்டரி வேகமாகக் குறையும். சாவடிக்கு ஒரு பவர் பேங்க் கட்டாயம்.

நிகழ்ச்சி முடிந்த மறுநாள், சேமிக்கப்பட்ட பேச்சுகளை இரண்டு மூன்று பேர் உட்கார்ந்து தொடக்கத்திலிருந்து கேட்கிறோம். அழைப்புக்கும் பதிலுக்கும் இடையே எந்தச் சாவடியில் அதிக நேரம் ஆனது, எந்த அறிவிப்பை இரண்டாம் முறை சொல்ல வேண்டியிருந்தது என்பவற்றைக் குறித்துக்கொள்கிறோம். ஒரே சாவடி திரும்பத் திரும்பத் தாமதித்தால், பெரும்பாலும் அங்கே நின்றவரிடம் குறை இருக்காது; கைபேசி அமைப்பிலோ அந்த இடத்துச் சிக்னலிலோதான் இருக்கும். கேட்டு முடித்தபின் பதிவுகளையும் சேனலையும் அழித்துவிட்டு, அடுத்த நிகழ்ச்சிக்குப் புதிய கடவுச்சொல்லோடு புதிய சேனலைத் தொடங்குகிறோம்.